முள் ரேடியோவில் ராகா: தையல் கடையிலிருந்து ஓர் அனுபவம்

போன வாரம் என் ரேடியோ ரிப்பேர் முடிந்து திரும்பி வந்தது. நிலையம் காட்டுகிற முள்ளை இழுக்கிற டயல் நூல் அறுந்துவிட்டது. புது நூல் கட்டி, வால்யூம் திருகிக்குள் இருந்த தூசியை மருந்தடித்து எடுக்க நாற்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். "அந்தக் காசுக்குப் புதுசே வாங்கலாமே பெரியம்மா, போன்ல கேட்டா அதுவும் வேணாமே" என்றாள் தங்கை மகள். அவளும் கடை திறக்கப்போகிறாள், அதனால் கேட்கிறாள். மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிற எனக்கு, காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை ரேடியோவைப் போட்டு, ராகா என்கிற தமிழ் வானொலியைப் பிடிப்பதுதான். மெஷின் மிதிப்பது அப்புறம். அவள் கேட்டதற்கு வாயால் சொன்ன பதில் எனக்கே போதவில்லை, எழுதிவிடுகிறேன்.

கரண்டிலும் பேட்டரியிலும் ஓடுகிற மூன்று பேண்டு செட். சத்தம் அருமை. பெண் குரல் கீச்சிடாது, தவில் அடித்தால் அடி தெரியும். இந்தச் சின்னப் பெட்டிக்குள் இவ்வளவு கனமான ஸ்பீக்கர் வைத்தவர்களை மனசாரப் பாராட்டுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் இனி சொல்லப்போவது குறை.

ஏ.எஃப்.சி. என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பிடித்த நிலையம் நழுவாமல் இருக்கத்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் ஊரிலோ அது செய்கிற வேலையே வேறு. பக்கத்தில் இன்னொரு நிலையம் பலமாக வந்தால், நமக்கு வேண்டியதை விட்டுவிட்டு அதைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருப்பேன், பல்லவி முடிந்து சரணம் வரப்போகும், திடீரென்று மலாயில் சோப்பு விளம்பரம் கத்தும். மடியில் துணி, விரலில் ஊசி, எழுந்து போய்த் திருக வேண்டும். உட்கார்ந்ததும் மறுபடியும் அதே கதை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில், துணி மலையாகக் குவிந்து கிடக்கும்போது இதைச் செய்தால் எப்படிப் பொறுப்பது?

இதற்கு வழி உண்டு. ரேடியோவைப் போட்டுக் கொஞ்ச நேரம் சூடேற விட வேண்டும். பொத்தானை அணைத்துவிட்டு, முள்ளை மெதுவாக நகர்த்தி, குரலுக்குப் பின்னால் இருக்கிற 'ஸ்ஸ்' அடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அப்புறம்தான் பொத்தானைப் போட வேண்டும். ஸ்டீரியோ விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ஒற்றை ஒலியான மோனோவுக்கு மாற்றுங்கள், இரைச்சல் பாதிக்கு மேல் போய்விடும். கையேட்டில் இதில் ஒரு வரி கிடையாது.

எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், குன்று குறுக்கே நின்றால் தேய்ந்துவிடும். எங்களுக்கு அலை வருவது ஈப்போ பக்கத்துக் கிளேடாங் மலையிலிருந்து. கடைத்தெருவில் பரவாயில்லை. எஸ்டேட் பள்ளத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டியிருந்த லயத்து வீடுகளில் ஏரியலோடு ஒரு கம்பியைச் சேர்த்து ஜன்னலில் கட்டினால்தான் பாட்டு.

அந்த லயத்தில்தான் நான் ரேடியோ கேட்டு வளர்ந்தேன். அப்போது தமிழ் என்றால் அரசாங்க வானொலி ஒன்றுதான். 1946இல் ரேடியோ மலாயா தொடங்கியபோதே மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழும் அதில் இருந்தது. பிறகு அதற்கு ரேடியோ ஆறு என்று பெயர், 2005இல் மின்னல் எஃப்.எம். ஆனது. அப்பா விடியுமுன் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்புவார், அம்மா ரப்பர் பால்வெட்டுக்கு வாளியை எடுத்து வைப்பாள். படம், இசை, பாடியவர் என்று அறிவிப்பாளர் நல்ல தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்த பிறகே பாட்டு வரும். நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்போம்.

1994இல் டைம் ஹைவே ரேடியோ வந்தது. அதே வருஷம்தான் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் முழுதாகத் திறந்தார்கள். நெடுஞ்சாலையின் பெயரை வைத்துக்கொண்டு வந்த வானொலி அது. அந்தச் சாலையோ எங்கள் ஊரைத் தொடவில்லை. கோலகங்சாரிலிருந்து மெனோரா சுரங்கப்பாதை வழியாக ஜெலாப்பாங்குக்குப் போய்விட்டது, நாங்கள் பழைய சாலையிலேயே நின்றோம். முதலில் அந்த வானொலி முழுநேரத் தமிழ் வானொலியாகவும் இல்லை. ஆஸ்ட்ரோ நிறுவனத்தின் கைக்குப் போனதும் இரண்டாகப் பிரித்தார்கள்: கிழக்குக்கரை மலாய்க்காரர்களுக்கு கெகார், நமக்கு ராகா. டைம் ஹைவே ரேடியோவின் சுருக்கத்தைச் சேர்த்து டிஎச்ஆர் ராகா என்று கொஞ்ச காலம் இருந்து, பிறகு வெறும் ராகா ஆனது.

ராகாவைக் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தைத் தங்கை மகளுக்கு எப்படிப் புரியவைப்பது? பேசியவர்கள் எங்களைப் போலவே பேசினார்கள். நடுவில் மலாய் வார்த்தை வந்தது, பேச்சு முடிகிற இடத்தில் 'லா' வந்தது. நம் நாட்டுப் பையன்கள் பாடிய பாட்டையும் சினிமாப் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்துச் சனமெல்லாம் தாமான் என்கிற புதுக் குடியிருப்புகளுக்குப் பிரிந்து போன காலம் அது. யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஆனால் கடைக்கு வருகிற எல்லாரும் காலையில் ஒரே பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் வந்தார்கள். ஹிட் பாட்டுகளையே சுற்றிச் சுற்றிப் போடுகிறார்கள் என்று குறை சொல்வோர் உண்டு. வேலை செய்கிற கைக்குத் தெரிந்த பாட்டுதான் தோது என்பேன் நான்.

இனி போன் விஷயம். இரைச்சல் இல்லை, முள் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போனில் வருவது ரேடியோவுக்குப் பின்னால் தங்கித்தான் வரும். பக்கத்து மளிகைக்கடையில் சரணம் பாடும்போது இங்கே இன்னும் பல்லவிதான் ஓடும், தலை வலிக்கும். யாராவது கூப்பிட்டால் பாட்டும் நின்றுவிடும். கரண்டு போன மத்தியானங்களில் பேட்டரியைப் போட்டு இந்தப் பெட்டிதான் கடையை நடத்தியது.

இவ்வளவு சொன்ன பிறகும் என் பதில், இந்த மாதிரி செட் வாங்காதே என்பதுதான். நாற்பது வெள்ளி கொடுத்து ரிப்பேர் பார்த்த பிறகும், இன்று காலையிலும் அது என்னை மலாய்ச் செய்திக்கு இழுத்துக்கொண்டு போனது. எண்ணைத் தட்டினால் அங்கேயே நிற்கிற டிஜிட்டல் செட்டாகப் பார். குரல் கொஞ்சம் மெலிசாக இருக்கும், பரவாயில்லை. கடைக்காரரிடம் பிளக்கில் போடச் சொல்லி, ராகாவும் மின்னலும் இரண்டுமே தெளிவாக வருகின்றனவா என்று கேட்டுப் பார்த்துவிட்டுக் காசைக் கொடு.