இனிஷியலில் மாட்டிக்கொண்ட விவாகரத்து

மூன்று வார லீவு. அதற்குள் பரஸ்பர சம்மத விவாகரத்தின் தீர்ப்பாணை (டிக்ரி) நகலை வாங்கிக்கொண்டு நியூ ஜெர்சி திரும்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. வழக்கு முடிந்துவிட்டது. இரு தரப்புக்கும் சண்டை இல்லை. வக்கீலும் கெட்டிக்காரர். ஒழுங்காக நடந்ததை எல்லாம் விட்டுவிடுகிறேன். சிக்கியது ‘எஸ்.’ என்ற ஓர் எழுத்தில்.

விவாகரத்து வாங்கியவர் பெயரை உதாரணத்துக்குக் கவிதா என்று வைத்துக்கொள்வோம். தீர்ப்பாணையில் ‘எஸ். கவிதா’. ஆதாரில் ‘கவிதா எஸ்’. பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, வெறும் ‘கவிதா’. அதைப் பார்த்து அமெரிக்க விசாவில் ‘எஃப்.என்.யு. கவிதா’ என்று அடித்தார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் அங்கே குடும்பப் பெயராகிவிட்டது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது அப்பா பெயரைச் சேர்த்து ‘கவிதா சுப்ரமணியன்’ ஆனார். காகிதம் ஐந்து, ஆள் ஐந்து. இதில் விவாகரத்து ஆனது யாருக்கு என்று அமெரிக்காவில் கேட்பார்கள்.

நீதிமன்ற நகல் பிரிவில் சொன்னால், “இனிஷியல் இருக்குல்ல சார், அதான் அவங்க அப்பா பேரு” என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் தப்பே இல்லை. நம் ஊரில் இனிஷியல் என்றால் அப்பா பெயர் என்பது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டிலிருந்தே தெரிந்த விஷயம். அமெரிக்கக் கவுண்டரில் இருப்பவருக்கு இதை எப்படி விளக்குவது? அங்கே நகல் வாங்குவது பெரிய வேலை இல்லை, ஆனால் எழுத்து ஒன்று மாறினாலும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இங்கே எழுத்தைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள், நகலுக்குத்தான் அலைய வேண்டும்.

இதைத் தவிர்க்க வழி ஒன்று இருந்தது, பைசா செலவில்லாதது. மனுவின் தலைப்பில் தரப்பினர் பெயர் எழுதும் இடத்தில் ‘எஸ். கவிதா என்கிற கவிதா சுப்ரமணியன்’ என்று போட்டிருக்க வேண்டும். சொத்துப் பத்திரத்தில் காலங்காலமாக எழுதும் அதே ‘என்கிற’தான். வக்கீல்கள் பெயரைப் பெரும்பாலும் திருமணச் சான்றிதழைப் பார்த்து எழுதுவார்கள். அதில் இனிஷியல்தான் இருக்கும். டிராஃப்ட் மெயிலில் வரும்போது நாமோ ஜீவனாம்சத் தொகையை நாலு தடவை பார்ப்போம், பெயரைப் பார்க்க மாட்டோம். மனுவில் போனதுதான் சாட்சி பிரமாணப் பத்திரத்திலும் தீர்ப்பிலும் தீர்ப்பாணையிலும் வரிசையாக இறங்கும்.

தீர்ப்புக்கு முன்னால் கண்ணில் பட்டால் மனுத் திருத்தம் கேட்டு ஓர் ஐ.ஏ. (இடைக்கால மனு) போதும். தீர்ப்புக்குப் பிறகு என்றால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 152-ஆவது பிரிவு. ஆனால் அது எழுத்துப் பிழை, கணக்குப் பிழைகளுக்கானது. நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவர் தப்பாக அடித்திருந்தால் சுலபம். மனுவிலேயே நாம் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தால், மனுவையும் சேர்த்துத் திருத்தக் கேட்க வேண்டும். இழுபறி அங்கேதான். எதிர்த்தரப்பு வக்கீலிடம் ‘ஆட்சேபணை இல்லை’ என்று முதலிலேயே எழுதி வாங்கிவிட்டால் ஒரு வாய்தா மிச்சம். பெயர் மாற்றம் என்று கெஜட்டில் (அரசிதழில்) போடச் சொல்லி நாலு பேர் யோசனை சொல்வார்கள். கெஜட் இனிமேல் வரும் பெயருக்கு. போன வருஷத் தீர்ப்பாணையை அது தொடாது.

நகல் மனுவின் சடங்கு மாறவே இல்லை. மனு போட்டு எண் வாங்கி, எத்தனை நகல் தாள் (நகல் எடுக்க நாம் வாங்கிக் கட்டும் முத்திரைத் தாள்) வேண்டும் என்று பலகையில் ஒட்டும் வரை தினமும் போய்ப் பார்க்க வேண்டும். ஒட்டியதும் குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடி, மறுபடி முதலிலிருந்து. மனு போட்ட தேதி, தாள் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி எல்லாம் நகலிலேயே முத்திரையாக விழும். புளியமரத்தடி டைப்பிங் மேஜை, டவாலி பெயரைக் கடித்துக் கூப்பிடும் குரல், எதிர்க்கடை எலுமிச்சை சாதம் எல்லாம் அப்படியே. நியாயமாகச் சொன்னால் ஒரு முன்னேற்றம் உண்டு. வழக்குக்கான 16 இலக்க சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் உட்கார்ந்தபடியே தெரிகிறது. முன்பெல்லாம் இதற்கு மாமாவைத்தான் அனுப்புவோம்.

இந்த விவாகரத்துக்கு ஊருக்கு இரண்டு பயணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: இந்துத் திருமணச் சட்டம் 13-பி பிரிவின்படி ஒரு வருஷமாவது பிரிந்து வாழ்ந்த பிறகுதான் மனு. அதிலிருந்து ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி விவாகரத்துக் கேட்கும் இரண்டாம் கட்டம். மனுவுக்கு முன்பே ஒன்றரை வருஷம் பிரிந்திருந்து, சமரசமும் தோற்று, ஜீவனாம்சமும் பிள்ளை விவகாரமும் தீர்ந்திருந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. செய்யலாம் என்றுதான் சொன்னது, கட்டாயம் இல்லை. வர முடியாதவர்கள் அனுப்பும் பவர் பத்திரத்திலும் ஒரு குழி இருக்கிறது. வெளிநாட்டில் எழுதியது இந்தியா வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அம்மா பீரோவில் பத்திரமாக வைத்து நாள் கடந்துபோன பவர்கள் ஏராளம்.

‘அமெரிக்காவிலேயே முடித்துக்கொள்ளலாமே’ என்பார்கள். இருவரும் மனமொப்பி அங்கே ஆஜரானால் சரி. ஒருவர் மட்டும் போய் வாங்கிவந்த தீர்ப்பு இங்கே நிற்காது. திருப்பதியில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு மிசௌரியில் வாங்கிய விவாகரத்தை 1991-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

குழந்தை இருந்தால் கதை வேறு. பிள்ளை நியூ ஜெர்சியில் ஆறு மாதத்துக்கு மேல் வளர்ந்திருந்தால் பொறுப்பு யாருக்கு என்று தீர்மானிக்கும் அதிகாரம் தனக்கே என்று அந்த மாநில நீதிமன்றம் சொல்லும். இங்கே எழுதிய ஒப்பந்தத்தை அங்கேயும் ஓர் உத்தரவாக வாங்கிவிடுவது நல்லது. குழந்தைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை என்பதால் லீவுக்கு வந்த பிள்ளை திரும்பாவிட்டால் வருஷக்கணக்கில் வழக்குத்தான். பாஸ்போர்ட் யார் கையில், புதுப்பிக்க யார் கையெழுத்து என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். 16 வயதுக்குக் கீழே அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு இருவர் சம்மதமும் கேட்பார்கள்.

மறுபடி பெயருக்கே வருகிறேன். மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பாணை தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பு தேவை. அமெரிக்கக் குடியேற்றத் துறைக்கு நோட்டரி வேண்டாம். இரு மொழியும் தெரிந்தவர், மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது என்று கையெழுத்திட்டால் போதும். அந்த ஆளிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்துவிட்டு உட்காருங்கள். கவிதாவின் கடைசி எழுத்தில் ஆங்கில ‘எச்’ உண்டா இல்லையா என்பது தமிழ்த் தீர்ப்பாணையைப் பார்த்தால் தெரியாது. அவர் இஷ்டத்துக்கு விட்டால் ஆறாவதாக ஒரு கவிதா வந்து நிற்பார்.