புதர் மிளகு வாங்குகிறவர்கள் கணுவைப் பார்த்து வாங்குங்கள்

பெங்களூரு அல்சூர் பக்கம் தள்ளுவண்டியில் செடி விற்கும் ஒருவர், "தொட்டியிலேயே காய்க்கும் புதர் மிளகு, அக்கா" என்று சொல்லி ஒரு செடியை 450 ரூபாய்க்கு என் தலையில் கட்டினார். பச்சைக் கதிர்கள் இரண்டு தொங்கின. தமிழில் பேசியதால் ஐம்பது ரூபாய் குறைத்தாராம்!

சில நாட்களிலேயே கதிர் இருந்த கிளை மட்டும் துவண்டது. தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வேரே இல்லை, சாய்வாக வெட்டிய அடி கறுத்து அழுகியிருந்தது. காய்க்கும் கொடியிலிருந்து ஒடித்து, வேறொரு கொடியின் பக்கத்தில் செருகியிருக்கிறார்கள். மிஞ்சிய கொடி ஜன்னல் கம்பியைப் பற்றி ஏறிக்கொண்டே போகிறது. பூக்கிற வழியைக் காணோம்.

இப்போதைக்குப் பூக்கவும் பூக்காது. மிளகில் மேலே ஏறும் தண்டு கணுவுக்குக் கணு பற்றுவேர் விடும். அடியில் கிளம்பும் ஓடுதண்டு தரையில் படரும். கதிர் வருவதெல்லாம் பக்கவாட்டில் நீளும் கிளைகளில்தான், அதுவும் இலைக்கு எதிர்ப்புறம். அந்தப் பக்கக் கிளையை வேர்பிடிக்க வைத்தால் கிடைப்பதுதான் புதர் மிளகு. அது ஏறாது, ஓராண்டுக்குள் பூத்துவிடும். ஓடுதண்டிலிருந்து வளர்த்த கொடி காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். பக்கக் கிளை லேசில் வேர்விடாது. அதனால்தான் இந்தக் குறுக்கு வழி.

திரும்பப் போய்க் கேட்டேன். "இது ஆண் செடி, அக்கா. பெண் செடி ஒன்றும் வாங்கி வையுங்கள், காய்க்கும்" என்றார், கூசாமல். காட்டு மிளகில் ஆண் கொடியும் பெண் கொடியும் தனித்தனியாக உண்டு, அது மெய். ஆனால் கரிமுண்டா, பன்னியூர்-1 போன்ற பயிர் ரகங்களில் பெரும்பாலான பூக்கள் ஆண், பெண் இரு உறுப்பும் ஒன்றாக உள்ள இருபாற்பூக்களே. தொங்கும் கதிரில் மழைநீர் வழியும்போது மகரந்தமும் பூவுக்குப் பூ இறங்கும். இதற்கு எதற்கு ஜோடி? பணத்தைத் திருப்பித் தரவும் மறுத்துவிட்டார்.

வாங்கும் முன் கதிர் உள்ள கிளையை அடியில் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். மண்ணோடு ஒட்டாமல் ஆடினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கணுக்களில் பற்றுவேர் தெரிந்தால், விற்கிறவர் என்ன சத்தியம் செய்தாலும் அது புதர் மிளகு அல்ல. கதிர் தொங்கும் தொட்டிகள் நாலைந்து நேற்றும் அந்த வண்டியில் இருந்தன.