காம்பி பாய்லர்: மூன்று குளிர்காலம் ஓட்டிய பிறகு

நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து கிளம்பும் வேலூர் சத்துவாச்சாரித் தங்கச்சி ஒருத்தி கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, வெந்நீர் ஒழுங்கா வருமா?" வரும்மா. ஆனால் நம்ம ஊர்ப் பழக்கத்தில் குழாயைத் திறந்தால் வராது.

பாலாற்றில் தண்ணீர் பார்ப்பதே அபூர்வமான ஊர் நம்முடையது. குழாயை நூல் மாதிரி திறந்து பக்கெட் நிரப்பித்தான் கை பழகியிருக்கும். அங்கே வீட்டில் இருக்கும் காம்பி பாய்லருக்கு அது ஆகாது. குழாய் வெந்நீர், வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் இரண்டுக்கும் அது ஒரே கேஸ் மெஷின். அதில் வெந்நீர்த் தொட்டி கிடையாது. குழாயில் தண்ணீர் ஓடுவதை உள்ளே இருக்கும் சென்சார் உணர்ந்தால்தான் பர்னர் பற்றும். பெரும்பாலான மாடல்களில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டருக்குக் கீழே போனால் பற்றாது, பச்சைத் தண்ணீர்தான்.

சரி, சூட்டையாவது கூட்டி வைப்போம் என்று டயலை 60 டிகிரிக்குத் திருப்பினால் இன்னும் மோசம். அவ்வளவு சூட்டில் ஷவருக்கு வெந்நீர் கொஞ்சம் போதும், மீதி பச்சைத் தண்ணீர் கலக்கும். வெந்நீர்ப் பக்கம் ஓட்டம் குறைந்ததும் பர்னர் அணைந்துவிடும், தலையில் ஷாம்பு நுரையோடு. டயலை 45-48இல் வைத்து, வெந்நீர்க் குழாயை நன்றாகத் திறப்பதுதான் வழி. சோப்பு போடும்போது நடுவில் மூடித் திறக்கவும் கூடாது. திரும்பத் திறந்ததும் சூட்டுக்கு நடுவே ஒரு மடக்கு ஐஸ் தண்ணீர் வரும். பக்கெட்டை ஒரே மூச்சில் பிடித்துவிட்டு மக்கில் மொண்டு ஊற்றுவது உத்தமம்.

மெஷின் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயமில்லை. வேலூரில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே 28 டிகிரி இருக்கும். அதை 40 ஆக்க, 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் ஹீட்டர் நிமிடத்துக்கு மூன்றரை லிட்டர் தரும். ஜனவரியில் இங்கிலாந்தில் குழாய்த் தண்ணீர் 5 டிகிரிக்குக்கூட இறங்கும். அதே ஹீட்டர் 1.2 லிட்டர்தான் தரும். 24 கிலோவாட் காம்பி அந்தக் குளிரிலும் கிட்டத்தட்ட 10 லிட்டர் தருகிறது. 15 லிட்டர் பக்கெட் ஒன்றரை நிமிடத்தில் நிரம்பிவிடும்.

இந்தக் குளிர்காலத்தில் வந்த ரிப்பேர் பிரஷர், அதாவது ரேடியேட்டர்களில் சுற்றும் தண்ணீரின் அழுத்தம். மெஷின் ஆறியிருக்கும்போது பிரஷர் காட்டும் முள் 1-லிருந்து 1.5 பாருக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் கீழே உள்ள வெள்ளி நிறப் பின்னல் ஹோஸின் இரண்டு வால்வையும் மெதுவாகத் திறந்து, 1.2 வந்ததும் இரண்டையும் மூட வேண்டும். மாதத்தில் இரண்டு தடவை இதைச் செய்ய வேண்டியிருந்தால் எங்கோ கோளாறு. ஹீட்டிங் ஓடும்போது முள் 3 வரை ஏறி, வெளிச்சுவரில் நீட்டியிருக்கும் செம்புக் குழாயில் தண்ணீர் சொட்டி, காலையில் 0.4க்கு இறங்கினால், எக்ஸ்பான்ஷன் வெசலில் (சூடாகி விரியும் தண்ணீருக்கு இடம் கொடுக்கும் காற்றடைத்த டப்பா) காற்று போய்விட்டது என்று அர்த்தம். கார் டயரில் இருப்பது போன்ற வால்வுதான். மெக்கானிக் பம்பு வைத்துக் காற்றடித்துவிட்டுப் போவார். அதைப் பார்க்காமல் தண்ணீரையே நிரப்பிக்கொண்டிருந்தால், புதுத் தண்ணீரோடு வரும் ஆக்ஸிஜன் ரேடியேட்டர்களை உள்ளே துருப்பிடிக்க வைக்கும். பாய்லர் மூடியை மட்டும் நாம் கழற்றக் கூடாது. கேஸ் சேஃப் (அங்கே கேஸ் வேலை செய்பவர்களின் அதிகாரப்பூர்வப் பதிவேடு) பதிவு பெற்றவர்தான் கழற்ற வேண்டும். வாடகை வீட்டில் 12 மாதத்துக்கு ஒரு முறை கேஸ் சோதனை செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு.

கடும் பனியில் பாய்லர் கொப்பளிக்கிற சத்தம் போட்டு நின்றால், பாய்லரின் கழிவுத் தண்ணீர் வெளியே போகும் பிளாஸ்டிக் குழாய் உறைந்திருக்கும். அந்தக் குழாய் மேல் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் குழாய் விரிசல் விடும். ரேடியேட்டர் மேல் துணி காயப்போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கணும், இல்லாவிட்டால் மூலையெல்லாம் கறுப்புப் பூஞ்சை.

மூன்று வருடத்தில் வெந்நீர் தீர்ந்துபோச்சு என்ற பேச்சே இல்லை. நல்ல மெஷின்தான். இருந்தாலும் அதே வாடகையில் பழைய செம்பு வெந்நீர்த் தொட்டி வைத்த வீடு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே பிடி, தங்கச்சி. தொட்டி இருக்கும் அலமாரியில் துணி காயும். குழாயை நூல் மாதிரி திறந்தாலும் சுடுதண்ணி வரும்.