நாம்பனுக்கு எந்த வேலி?

சாகிவால் மாட்டினக் கலப்பு நாம்பன் ஒன்றை இனவிருத்திக்கென வைத்திருப்பவனிடம் வன்னியில் எல்லாரும் கேட்பது "என்ன விலை?" என்றுதான். "எதுக்குள்ள வச்சிருக்கிறாய்?" என்று என்னைக் கேட்டவர் ஒரே ஒருவர். அதுவும் பெரும்போகத்தில் தன் வயலுக்குள் அதன் குளம்படியைக் கண்ட பிறகு.

அன்றைக்கு அது தாண்டிப் போனது நாலு நிரை முள்ளுக்கம்பியை. எந்த இரும்புக்கடையிலும் கிடைக்கும், யாரைக் கூப்பிட்டாலும் அடிக்கத் தெரியும், பசுக்கூட்டத்துக்கு அது போதும். நாம்பனுக்கோ அது சொறியும் கட்டை. கழுத்தைக் கொடுத்து உரசி உரசியே கட்டையைச் சாய்த்துவிடும்; கம்பி தொய்ந்தால் தலை நுழையும், தலைக்குப் பின்னால் மற்றதெல்லாம் வரும். அதைவிடப் பயம் பாய்ச்சல்தான். மேல் நிரை கிழிப்பது வயிற்றையோ விதைப்பையையோ. தோல் காயத்தில் மாரிக்காலம் புழு வைத்தாலும் மருந்து கட்டி ஆற்றலாம். விதைப்பை கெட்டால் இறைச்சி விலைதான் மிச்சம். முள்ளுக்கம்பி மலிவு என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைச் சேர்ப்பதில்லை.

கதியால் வேலி எங்கட ஆட்களுக்குப் பழகினது. கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசு மூன்றும் முதல் மழையோடு ஊன்றினால் பிடித்துவிடும். ஆனால் இரண்டு மாரி கழியும்வரை அது வேலியில்லை, எல்லைக்கோடு. வளர்ந்த பிறகும் கதியாலுக்குக் கதியால் இடைவெளி இருக்கும். வம்புக்கு நிற்கும் நாம்பனை அது மட்டும் மறிக்காது. இருந்தும் நான் இதை விடமாட்டேன், காரணம் நிழல். காண்டாவன வெயிலில் நாள் முழுக்க நின்ற நாம்பனுக்கு விந்தின் தரம் விழும். விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டு மாதம் எடுப்பதால் அந்தச் சேதம் உடனே தெரியாது. வாரக்கணக்கில் கழிந்து, நாம்பனுக்கு விட்ட பசுக்கள் சினைப்படாமல் 21ஆம் நாள் திரும்பக் கத்தும்போதுதான் தெரியும். அப்போது பழி பசுவின்மேல் விழுகிறது. சீமைக்கிளுவைக் குழையை ஒரு நாள் வாடவைத்துப் போட்டால் தீனுமாகும். பச்சையாகப் போட்டால் பல மாடுகள் மணந்துவிட்டுத் திரும்பிவிடும்.

மின்வேலி வேறு வகை. அது உடலை மறிப்பதில்லை, பயத்தை வைத்து மறிக்கிறது. கருவியிலிருந்து விநாடிக்கு ஒருமுறை, ஆயிரக்கணக்கான வோல்ட்டில், கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவாக ஒரு துடிப்புப் போகும். சுள்ளென்று அடிக்கும், ஆளை விழுத்தாது. சூரியத் தகடும் ஒரு பற்றரியும் போதும் என்பதால் மின்கம்பம் வராத காட்டோரத்துக்கும் ஏற்றது. எங்கட இடத்தில் இதற்கு எதிரி கோடை. மாடு கம்பியில் பட்டதும் மின்னோட்டம் நிலத்தினூடாகத்தான் கருவிக்குத் திரும்பவேண்டும். ஆவணியில் வெடித்துக் கிடக்கும் நிலத்தில் ஈரமில்லை. அடி பிசுபிசுக்கும், நாம்பன் அதைக் கண்டுபிடித்துவிடும். கருவியோடு தொடுத்த ஆறடி நிலக்கம்பி மூன்றைப் பத்தடிக்கு ஒன்றாக மண்ணுக்குள் இறக்கி, அந்த இடத்துக்கு வாளித் தண்ணீர் ஊற்றவேண்டும். அல்லது ஒரு கம்பி மின், அடுத்த கம்பி நிலம் என மாற்றி மாற்றிக் கட்டலாம். இரண்டிலும் ஒன்றாக மூக்குப் பட்டால் காய்ந்த மண்ணிலும் அடி விழும். மாரியில் பிரச்சினை மறுபக்கம்: புல் வளர்ந்து கம்பியில் முட்டி மின்னைத் தின்னும். முல்லைத்தீவுப் பக்கம் யானை வரும் வளவென்றால் அது கட்டையைத் தள்ளிவிட்டுப் போகும், நாம்பன் அந்த வழியாலேயே வெளிக்கிடும்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டை நேரே கம்பியில் கொழுவுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது வேலியில்லை, கொலைப்பொறி. சட்டவிரோதம். மாடும் சாகும், யானையும் சாகும், விடியப்புறம் வெளியே போன வீட்டுக்காரனும் சாவான்.

இரும்புக் குழாய்ப் பட்டி பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஐந்தடிக்கு மேல் உயரம், கொங்கிறீட்டில் நாட்டின தூண், அவ்வளவுதான். காசு விழுங்கும். பாலை, முதிரை நல்ல கட்டைதான். காட்டில் வெட்டப் போனால் வனத்திணைக்களத்துக்குப் பதில் சொல்லவேணும். எதில் கட்டினாலும் ஒரு மூலையில் 14 அங்குல இடைவெளி விடுங்கள். ஆள் நழுவலாம், நாம்பனால் முடியாது.

என் தெரிவு: இரவுக்கும் பசு விடுவதற்கும் சின்னக் குழாய்ப் பட்டி, பகலுக்குக் கதியால் வேலி, அதன் உள்பக்கம் ஒரு அடி தள்ளி இரண்டு நிரை மின்கம்பி. ஒழுங்கு முக்கியம். மின்கம்பியை முதலில் பட்டிக்குள்ளேயே ஒரு பக்கம் கட்டிப் பழக்கவேண்டும். திடலில் முதல் அடி வாங்கிய நாம்பன் பின்னால் போவதற்குப் பதில் முன்னால் பாயக்கூடும். "கட்டி வளர்த்தால் வேலி ஏன் தம்பி?" என்று பக்கத்துவளவு அம்மான் கேட்டார். நாணயக்கயிற்றில் நாள் முழுக்கத் தனியே நிற்கும் நாம்பன்தான் ஆளை முட்டத் திரும்புவது. அதனால் என்னுடையதோடு நலமடித்த எருது ஒன்று மேய்கிறது. பசுக்களின் பட்டி, அவற்றின் வாடை காற்றில் நாம்பனுக்கு வராத பக்கம்.

படலையில் ஒரு விசயம். பிணைச்சல் ஆணி இரண்டும் மேல்நோக்கி இருந்தால் தலையால் ஒரு நெம்பு, படலை கழன்று விழும். மேல் ஆணியைக் கீழ்நோக்கித் திருப்பி வையுங்கள். நான் அதைச் செய்தது இரண்டாவது தடவை படலை தூக்கப்பட்ட பிறகு.