செயின்சா வாங்கினால் மட்டும் டன் ஏறாது: சவுக்கு வெட்டில் எங்கள் அனுபவம்

மரக்காணம் பக்கம் சவுக்குத் தோப்புகளை விலைபேசி வாங்கி, வெட்டி, காகித ஆலைக்கும் சாரக்கம்பு வியாபாரிகளுக்கும் அனுப்புகிறோம். கோடாரியை விட்டு செயின்சாவுக்கு (பெட்ரோலில் ஓடும் சங்கிலி ரம்பம்) மாறிச் சில வருடங்கள் ஆகின்றன. எங்களிடம் இருப்பது ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 180, 31.8 சிசி இன்ஜின், சுமார் 4 கிலோ. நாலு வருடச் சவுக்குக்கு இது தாராளம். இதைவிடப் பெரியதைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்து அறுக்க முதுகு தாங்காது.

பராமரிப்பு சுலபம்தான். 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ-ஸ்ட்ரோக் ஆயில், பல் தீட்ட 4 மி.மீ. உருண்டை அரம். தரையை ஒட்டி அறுப்பதால் மணல் பட்டுப் பல் சீக்கிரம் மழுங்கும். சீவலாக வரவேண்டியது மாவுபோல வந்தால் அரத்தை எடுத்துவிட வேண்டும்.

ஆனால் மெஷின் வந்த வேகத்துக்கு லோடு கூடவில்லை. அறுப்பவர் கை வேகமானது. மிளார் (சிறு கிளைகள்) கழிப்பவர்கள், இழுப்பவர்கள், அடுக்குபவர்கள் வேகம் பழையபடிதான். மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து கிடந்தால் இழுக்கவே பாதி நாள் போய்விடும். இப்போது வரிசை வரிசையாக, அடிப்பக்கம் வண்டிப்பாதையைப் பார்த்திருக்கும்படி ஒரே திசையில் சாய்க்கிறோம். அறுப்பவருக்கும் மற்றவர்களுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மர உயரத் தூரம் இருக்க வேண்டும். அதனால் அவர் ஒரு பட்டம் (தோப்பில் ஒரு பகுதி) முடித்து அடுத்ததற்குப் போன பிறகுதான் கழிப்பவர்கள் உள்ளே இறங்குவார்கள்.

இதையெல்லாம்விடப் பெரிய மாற்றம் கூலியில் வந்தது. அறுப்பவருக்குத் தனியாக டன் கணக்கு என்றால் அவர் சாய்த்துக்கொண்டே போவார். எப்படி விழுந்தால் அவருக்கு என்ன? லாரியில் ஏறிய டன்னுக்கு மொத்தக் குழுவுக்கும் சேர்த்துக் கூலி என்று பேசிய பிறகு, மரம் தானாகவே ஒழுங்காக விழ ஆரம்பித்தது.

அப்புறம் வெயில். ஆலையில் எடைமேடைக் கணக்கு. சித்திரையில் வெட்டிப் போட்ட கட்டை கிடக்கக் கிடக்க ஈரம் வற்றி எடை குறையும், காசும் குறையும். பட்டை உரித்துக் கொடுக்க வேண்டிய லோடு என்றால் காய்ந்த பட்டை கட்டையோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். லாரி உறுதியாகாமல் மெஷினைக் கிளப்புவதே இல்லை.

பின்லாந்து, ஸ்வீடனில் ஹார்வெஸ்டர் ஒன்றே மரத்தைச் சாய்த்து, கிளை கழித்து, அளவாக அறுத்துப் போட்டுவிடும். பின்னால் ஃபார்வர்டர் வந்து அள்ளிக்கொண்டு போகும். கோடிக்கணக்கில் விலை போகும் அந்த வண்டிகளுக்கும் இதே தொல்லைதான்: பின்னால் வருவது பிந்தினால், முன்னால் போனது அறுத்துப் போட்ட மரம் காட்டிலேயே கிடக்கும்.

இரண்டாவது மெஷின் வாங்க யோசிப்பவர்கள், முதலில் தீட்டி வைத்த சங்கிலி இரண்டு கூடுதலாக வாங்கி, மிச்சக் காசில் இழுக்க ஆள் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு இன்றுவரை இன்னொரு மெஷின் தேவைப்படவில்லை.