ஒரே கட்டுரை இரண்டு நாட்டுக்கும் செல்லாது

கல்லூரிப் படிப்புக்காக அமெரிக்கா, இங்கிலாந்து இரண்டுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும் பிளஸ் டூ பிள்ளைகள் பலர், ஒரு கட்டுரையை எழுதி அதையே கொஞ்சம் தட்டிக்கொட்டி இரண்டு பக்கமும் அனுப்பிவிடப் பார்க்கிறார்கள். அளவைப் பார்த்தால் அந்த ஆசை வரத்தான் செய்யும். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொது விண்ணப்பமான காமன் ஆப்பில் உச்சவரம்பு 650 சொல்; இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் இடைவெளியும் சேர்த்து 4000 எழுத்து. நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். படிக்கிற ஆளும் அவர் தேடுகிற விஷயமும்தான் வேறு.

ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாதிரி இடங்களில் நாளைக்கு வகுப்பெடுக்கப் போகிற ஆசிரியரே உங்கள் கட்டுரையைப் படிக்கிறார். ஒரு புத்தகத்தின் பெயரைப் போட்டால் நேர்காணலில் அதிலிருந்தே கேள்வி வரலாம்; அட்டையை மட்டும் பார்த்தவர் அங்கே மாட்டிக்கொள்வார். அமெரிக்காவில் படிப்பவர் பெரும்பாலும் சேர்க்கை அலுவலர். உங்கள் கல்லூரி வாழ்க்கை, பழகும் விதம், யோசிக்கும் விதம் எல்லாம் அவர் கவலை. கபடி, என்எஸ்எஸ், கீபோர்டு கிளாஸ் என்று 10 செயல்பாடுகள் வரை போட காமன் ஆப்பில் தனி இடமே இருக்கிறது. கட்டுரையிலும் அதே பட்டியலை ஒப்பித்தால் 650 சொல்லும் வீண்.

யூகாஸில் முன்பு ஒரே நீளக் கட்டுரையாக இருந்தது. 2026 சேர்க்கையிலிருந்து அதை மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள்: இந்தப் பாடம் ஏன், உங்கள் படிப்பு உங்களை இதற்கு எப்படித் தயார்செய்தது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்து. நல்ல மாற்றம் என்றுதான் சொல்வேன்; முகவுரை, முடிவுரை அலங்காரத்துக்கு இடமில்லாமல் போயிற்று. அதிகபட்சம் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம், ஐந்துக்கும் போவது இதே பதில்தான். ஆகவே இரண்டில் பொருளாதாரம், மூன்றில் சிவில் என்று கலந்து வைத்தால் பதில் எந்தப் பக்கமும் ஒட்டாது.

மதுரையில் சிவில் இன்ஜினியரிங் படிக்க ஆசைப்படும் ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். தெருவில் போர்வெல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் ஒரு டிடிஎஸ் மீட்டரோடு வீடு வீடாகப் போய் அளந்து நோட்டில் குறிக்கிறாள். யூகாஸுக்கு அந்த நோட்டுதான் சரக்கு. போர்வெல்லின் ஆழத்துக்கும் அளவுக்கும் தொடர்பு இருந்ததா? மழைக்குப் பிறகு என்ன ஆயிற்று? மீட்டர் மின்கடத்தலை வைத்து மொத்த அளவைத்தான் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது என்பது எப்போது உறைத்தது, அதற்குப் பிறகு எதைத் தேடிப் படித்தாள்?

காமன் ஆப்புக்கு வேண்டியது நாலாவது வீட்டு மாமா. “வீடு விலை பேசிட்டு இருக்கோம், இதையெல்லாம் எழுதி வைக்காதம்மா” என்கிறார் அவர். பேனாவோடு நிற்கிறாள். எழுதினாளா, விட்டுவிட்டாளா, அந்த வீட்டை வாங்க வருகிறவரைப் பற்றி யோசித்தாளா? யூகாஸில் இந்த மாமாவுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கக் கூடாது. இங்கே அவர் இல்லாவிட்டால் கட்டுரையே இல்லை.

சறுக்கும் இடமும் ஆளுக்கொன்று. இங்கிலாந்துப் பக்கம் ‘சிறு வயது முதலே’ என்று ஆரம்பிக்கிற வியாதி. யூகாஸ் 50,000 விண்ணப்பங்களைச் சோதித்த விவரம் 2007இல் வெளியானது. எட்டு வயதில் வேதியியல் விளையாட்டில் பைஜாமாவைப் பொசுக்கிக்கொண்ட கதை 234 பேரிடம் இருந்ததாம்! இணையத்தில் கிடந்த மாதிரிக் கட்டுரையின் மகிமை.

அமெரிக்கப் பக்கம் வியாதி வேறு: சோகம். கஷ்டம் இருந்தால்தான் இடம் கிடைக்கும் என்று யாரோ கிளப்பிவிட, பாட்டியின் மரணத்தை எடுத்து எழுதுகிறார்கள். கட்டுரை முழுக்கப் பாட்டிதான் இருக்கிறார், எழுதிய பிள்ளையைக் காணோம். காமன் ஆப் கொடுக்கிற ஏழு தலைப்புகளில் ஒன்று ‘உங்கள் விருப்பம்’. சாதாரண விஷயத்தை எழுத யாரும் தடை போடவில்லை. பல கல்லூரிகள் தனிக் கேள்விகளும் வைக்கும். ஸ்டான்ஃபோர்டு, வரப்போகும் அறைத்தோழருக்குக் கடிதம் எழுதச் சொல்கிறது. அதிலும் ஒலிம்பியாட் மெடலைப் பற்றி எழுதினால் அந்தத் தோழர் பாவம்.

நம் பிள்ளைகளுக்கு எது எளிது? கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்குத் தலா 50 என்று 200க்குக் கட் ஆஃப் போடும் ஊரில் வளர்ந்தவர்களுக்கு யூகாஸ்தான் கைக்கு வரும். பாடத்தைப் பற்றிப் பேசப் பழக்கம் உண்டு, தன்னைப் பற்றிப் பேசுவதற்குத்தான் கூச்சம். இரண்டுக்கும் போடுகிறவர்கள் இங்கிலாந்தை முதலில் முடிப்பது நல்லது. அதில் வெட்டிய பத்திகளைத் தனி ஃபைலில் வையுங்கள், அமெரிக்கக் கட்டுரைக்கு அங்கேதான் ஆள் கிடைப்பார். தேதியும் அதற்குத் தோதாகவே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜுக்கும் மருத்துவத்துக்கும் அக்டோபர் 15. அமெரிக்காவில் முன்கூட்டிய விண்ணப்பம் பல இடங்களில் நவம்பர் 1, வழக்கமானது ஜனவரி முதல் வாரத்தை ஒட்டி. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு குறுக்கே நிற்கும் என்பதால், தீபாவளி லீவைத் தாண்டி அமெரிக்கக் கட்டுரையைத் தள்ளிப்போட வேண்டாம்.