கழற்றிய கிளச் பிளேட்டைக் கடையில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள்

ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். வாரண்டியோடு வாங்கிய கிளச் கிட் (பிளேட், பிரஷர் பிளேட் அடங்கிய தொகுதி) இரண்டே மாதத்தில் ஏற்றத்தில் வழுக்கத் தொடங்குகிறது. கடைக்குப் போனால் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். "கழட்டிக் கொண்டு வாங்கண்ணே, கம்பனிக்கு அனுப்பிப் பார்ப்போம்." கொண்டுபோய்க் கொடுத்தாகிவிடுகிறது. மூன்று வாரம் வண்டி கராஜில் நிற்கிறது. பிறகு ஒரே வரியில் பதில்: "எரிஞ்சிருக்கு, ஓட்டின பிழை, கம்பனி ஏத்துக்கல." சரி, பழைய பிளேட்டையாவது தாருங்கள் என்றால் அது கொழும்பில் இருக்கிறதாம். கையில் பொருள் இல்லை, படம் இல்லை, கொடுத்ததற்கு ஒரு துண்டும் இல்லை. அதன் பிறகு எந்த வாசலில் போய் நின்றாலும் காட்ட ஒன்றும் இருக்காது.

வாரண்டி அட்டையில் "உற்பத்திக் குறைபாட்டுக்கு மட்டும்" என்று சின்ன எழுத்தில் இருக்கும். சண்டை முழுக்க அந்த வார்த்தையில்தான். கராஜ் பாஸ் "பார்ட் சரியில்ல" என்பார். கடைக்காரர் "பூட்டினது சரியில்ல" என்பார். இரண்டு பேரும் சேர்ந்து "ஓட்டினது சரியில்ல" என்று முடிப்பதும் உண்டு. எதனால் போனது என்ற அடையாளம் அந்தப் பார்ட்டிலேயே இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும், அது கைவிட்டுப் போகாமலும் இருக்க வேண்டும்.

கிளச்சையே எடுத்துக்கொள்வோம். பிளைவீலிலும் (எஞ்சினோடு சுழலும் சக்கரம்) பிரஷர் பிளேட்டிலும் (கிளச் பிளேட்டை அதோடு அழுத்திப் பிடிக்கும் தகடு) நீலம் பாய்ந்த திட்டுகள் இருந்தால் சூடேறியது உண்மை. ஆனால் சூடேறியது என்பதும் ஓட்டியவர் பிழை என்பதும் ஒன்றல்ல. கேபிளை இறுக்கிப் பூட்டி, பெடலில் கொஞ்சமும் தளர்வு விடாவிட்டால், காலை எடுத்த பிறகும் கிளச் முழுதாகப் பிடிக்காது. ஓட ஓட வழுக்கி எரியும். அது பூட்டினவர் பிழை. பிளேட்டில் எண்ணெய் படிந்திருந்தால் கிராங்கின் (எஞ்சின் தண்டின்) பின்பக்க ஓயில் சீலையும் கியர்பொக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலையும் பாருங்கள். கியர்பொக்ஸை இறக்கியபோதே பழைய சீலை மாற்றாமல் விட்டதன் விளைவு அது, பிளேட் விற்றவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பக்க லைனிங் (பிளேட்டின் உராயும் படலம்) ரிவெட் வரை தேய்ந்து மறுபக்கம் தடிப்பாக இருந்தால், பிளைவீலைக் கடைசல் போடாமல் புதுப் பிளேட்டைப் பூட்டியிருக்கலாம், அல்லது பிளேட்டின் நடுத்துளை (ஹப்) தண்டின் பல்வரியில் (ஸ்பிளைன்) இறுகி நகராமல் நின்றிருக்கலாம்.

இனி கடைக்காரர் தட்டிக் கழிக்க முடியாதது. எண்ணெய் இல்லை, பெடல் தளர்வு சரி, லைனிங்கில் இன்னும் நல்ல தடிப்பு இருக்கிறது, ஆனாலும் வழுக்கியது. அப்படியானால் பிரஷர் பிளேட்டின் அழுத்தமே போதவில்லை, அல்லது வண்டிக்குப் பொருந்தாத கிட்டைக் கொடுத்திருக்கிறார்கள். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று வேர்னியர் கலிப்பரின் ஆழமானிக் கம்பியால் அளக்கலாம். டொயோட்டா கைநூல்களில் மாற்ற வேண்டிய எல்லை 0.3 மில்லிமீற்றர். அதற்கு மேல் தாராளமாக இருப்பதை அளந்து, அளவுகோலோடு சேர்த்துப் படம் எடுத்தால் "தேஞ்சு போச்சு" என்ற பேச்சுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். பிரஷர் பிளேட்டின் டயாபிரம் ஸ்பிரிங்கில் ஒரு விரல் வெடித்திருப்பதும் கிளச் பிளேட்டின் நடுவிலுள்ள டாம்பர் ஸ்பிரிங் உடைந்து கழன்றிருப்பதும் சில ஆயிரம் கிலோமீற்றரிலேயே நடந்தால் உற்பத்திப் பிழையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஓட்டுகிறவர் பிழையும் உண்டு, மறைக்கக் கூடாது. கினிகத்தேனை வளைவில் லொறிக்குப் பின்னால் ஹாஃப் கிளச்சில் (பெடலைப் பாதி மிதித்தபடி) வண்டியைத் தாங்கி நிறுத்துகிறவருக்கு எந்தக் கிட்டும் நிலைக்காது. இன்னொன்று பலருக்குத் தெரியாது. ரம்பொடை இறக்கத்தில் இரண்டாம் கியரில் போட்டுவிட்டு, கிளச்சை மிதித்தபடி வண்டியை உருள விடுவார்கள். அப்போது சில்லுதான் பிளேட்டைச் சுழற்றுகிறது, எஞ்சின் எல்லையையும் தாண்டிய வேகத்தில். லைனிங் துண்டு துண்டாகப் பிய்ந்து தெறிக்கும். அப்படிப் பிய்ந்த பிளேட்டோடு வாரண்டி கேட்டால் கடைக்காரர் மறுப்பது நியாயம்.

மிகப் பெரிய நட்டம் கராஜில், நல்லெண்ணத்தோடேயே நடக்கிறது. பாஸ் பிளேட்டைக் கழற்றியதும் பெற்றோல் தகரத்தில் முக்கி, பிரஷால் தேய்த்து, பளபளவென்று கையில் தருவார். எண்ணெய் எந்தப் பக்கமிருந்து வந்தது, கரித்தூள் எங்கே படிந்தது, எல்லாம் அந்தத் தகரத்துக்குள் போய்விட்டது. கழுவ விடாதீர்கள். கழற்றும் முன்பே கடைக்கு வட்ஸ்அப்பில் "இன்ன நாள் இன்ன கராஜில் கழற்றுகிறோம், வந்து பார்க்கலாம்" என்று எழுதிவிடுங்கள். வராவிட்டாலும் அந்தச் செய்தி சாட்சி. ஓடிய கிலோமீற்றர் தெரியும்படி டாஷ்போர்ட், கழற்றிய இடத்தில் பெல் ஹவுசிங்கின் (கிளச்சை மூடியிருக்கும் கூட்டின்) உட்புறம், பிளேட்டின் இரு முகங்கள், பார்ட் இலக்கம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். யாரும் கவனிக்காத ஓர் ஓரத்தில் ஊசியால் ஓர் அடையாளம் கீறி வையுங்கள். மாற்றிக் கொடுத்தால் அது காட்டிக் கொடுக்கும். கடையில் கொடுக்கும்போது பார்ட் இலக்கம், திகதி, பெற்றவர் ஒப்பம், கடை முத்திரை நான்கும் உள்ள துண்டு கைக்கு வந்த பிறகே பொருளை விடுங்கள்.

வீல் பெயரிங் சண்டையும் இதே மாதிரிதான். அதில் அடையாளம் இன்னும் தெளிவு. ரேஸில் (குண்டுகள் ஓடும் வளையத்தில்) குண்டுகளுக்கு இடையிலான அதே இடைவெளியில் வரிசையாகப் பள்ளம் விழுந்திருந்தால், பிரஸ்ஸில் வைக்காமல் சுத்தியலால் அடித்துப் பூட்டியிருக்கிறார்கள், அல்லது உள் வளையத்தில் அழுத்தி வெளி வளையத்தை இறக்கியிருக்கிறார்கள். கிரீஸ் துருநிறமாக இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சில்லு இறுகாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் பெயரிங்கின் காந்தப் பக்கத்தைத் திருப்பிப் பூட்டிவிட்டு, எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் பெயரிங் பழுது என்று திருப்பி அனுப்புகிற கராஜும் உண்டு.

பிரேக் பேட் தேய்வுக்கு வாரண்டி கேட்டு அலையாதீர்கள், கிடைக்காது. லைனிங் தகட்டிலிருந்து முழுதாகப் பெயர்ந்து வந்தால் மட்டும் கேளுங்கள்.

ஹைபிரிட் பற்றரிதான் இப்போது பெரிய காசு போகிற இடம். டொயோட்டா அக்வாவின் பழைய மொடலில் (2021க்கு முந்தியது) பற்றரியில் 7.2 வோல்ட் மொடியூல் 20, மொத்தம் 144 வோல்ட். கெட்டுப்போன இரண்டு மூன்றை மட்டும் மாற்றிவிட்டு "ரீகண்டிஷன், ஒரு வருட வாரண்டி" என்று விற்கிறார்கள். பழையதும் புதியதும் ஒரே வரிசையில் இருந்தால் பழையவை முதலில் சோரும். நீண்ட ஏற்றத்தில் வற்றி, நீண்ட இறக்கத்தில் நிரம்பும் நம் பாதையில் அது சீக்கிரமே வெளிப்படும். P0A80 கோட் (ஹைபிரிட் பற்றரியை மாற்றச் சொல்லும் பிழைக் குறியீடு) மறுபடி வரும்போது "ஃபேன்ல தூசி அடைச்சிருக்கு, வாரண்டி இல்ல" என்பார்கள். ஆகவே பூட்டும் அன்றே பற்றரியைக் குளிர்விக்கும் ஃபேனைச் சுத்தம் செய்ததாக பில்லில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை மொடியூல் மாற்றினார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஏற்றம் ஏறி வந்ததும் ஸ்கேனரில் தெரியும் பற்றரியின் பிளொக் (மொடியூல் கூட்டம்) வோல்ட் அளவுகளைப் படம் பிடித்து வையுங்கள்.

"கிளச் கிட் 1" என்று மட்டும் எழுதிய பில் பில்லே அல்ல. பிராண்ட், பார்ட் இலக்கம், வாகன இலக்கம், வாரண்டிக் காலம் நான்கும் வேண்டும். இரண்டாம் முறை கியர்பொக்ஸ் இறக்கும் கூலியை யார் தருவது என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். பெரும்பாலான வாரண்டி பார்ட்டுக்கு மட்டும்தான், கூலி நம் தலையில் விழும்.

கடை கைவிரித்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றி விசாரிக்கவும், நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பித் தருதல் இவற்றில் ஒன்றுக்கு உத்தரவிடவும் சபைக்கு அதிகாரம் தருகிறது. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், தமிழிலேயே எழுதலாம். அதே பிரிவில் விற்ற நாளிலிருந்து மூன்று மாதம் என்று காலம் குறித்திருக்கிறது. அட்டையில் ஆறு மாதம் என்று இருக்கிறதே என்று நம்பி, கடைக்காரர் "அடுத்த கிழமை வாங்க" என்று சொல்லச் சொல்ல நாளைக் கடத்தாதீர்கள். முதல் தடவை மறுத்த அன்றே பில் கொப்பி, படங்கள், ஒப்பமிட்ட துண்டு மூன்றையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் போடுங்கள். தபால் ரசீதைப் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.